அன்புக்கரசியின் இருபது நிமிடம்

செஞ்சி கூட்டு ரோட்டிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், பாண்டுரங்கனின் உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. அங்கே சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் எப்போதும் இருபது நிமிடம் முந்தி ஓடும். கடிகாரத்தில் பழுது எதுவும் கிடையாது. அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் அன்புக்கரசி அதை அப்படி வைத்திருக்கிறாள்.

அதற்கான காரணத்தைக் கேட்டுச் சலிக்காதவர்கள் சென்டரில் யாரும் இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் அவளுக்கு ஒரு அரசுத் தேர்வு. சிங்கவரத்திலிருந்து அவளுடைய நைனா சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ் வழியெல்லாம் நின்று நின்று போனது. அவள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தின் கேட்டைச் சாத்தி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. காவலுக்கு இருந்தவர் கெட்டவர் இல்லை. "நேரம் ஆயிடுச்சும்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. அப்புறம் கல்யாணம், குழந்தை, இந்த சென்டர். அந்த ஏழு நிமிடத்துக்கு வட்டியும் சேர்த்து இருபதாக்கி, தன் கைக்கு வந்த கடிகாரத்தையெல்லாம் அன்றிலிருந்து முந்தி ஓடவிட்டிருக்கிறாள். செல்போனும் மடிக்கணினியும் மட்டும்தான் தப்பின. அவை இணையத்திலிருந்து தாமாகவே நேரத்தை எடுத்துக்கொள்ளும், திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டாள்.

அவளுக்கு வாய்த்த கணவன் தனியார் பஸ் கண்டக்டர். இளவழகனுக்கு நேரம் என்றால் நிமிடம் பிசகாத நேரம். ஸ்டாண்டிலிருந்து ஒரு நிமிடம் பிந்தி வண்டியை எடுத்தால் பின்னால் வரும் வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான். ஆக ஒரே வீட்டில் இரண்டு நேரம் ஓடியது. அவன் அதைச் சொல்லிச் சிரிப்பான், அவள் சிரிக்கமாட்டாள்.

இப்போது சென்டரின் கதைக்கு வருவோம். அங்கே ஐந்து டைப்ரைட்டர்களும் ஒன்பது கம்ப்யூட்டர்களும் உண்டு. கம்ப்யூட்டர்கள் ஒரு கல்லூரி வேண்டாமென்று கழித்துப்போட்டவை. பாண்டுரங்கன் மலிவாக வாங்கிவந்து மாடியில் ஏற்றினார். பத்து வருஷம் உழைத்தன. போன வருஷம் யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி ஒன்பதும் வரிசையாகப் படுத்துவிட்டன. திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல போடறதுக்கு இப்ப சாஃப்ட்வேரே வர்றதில்ல சார். காயலான் கடைக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக்கூட இப்போது புது மெஷின்களுக்காகத்தான் செய்து தருகிறார்கள். இந்தக் கிழங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பாண்டுரங்கனின் மச்சானுக்கு அந்த ஹாலில் ஜிம் வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மெஷின்கள் படுத்த செய்தி அவன் காதுக்குப் போனதும் அளவு நாடாவோடு வந்து நின்றான். சென்டர் போனால் அன்புக்கரசிக்கும், அவளோடு வேலை பார்த்த மகாலட்சுமிக்கும் பிழைப்பு போகும். நல்லவேளையாக அது ஆனி கடைசி. ஆடியில் எவன் புதுக்கடை திறப்பான்? ஆவணி பிறந்த பிறகுதான் ஜிம் என்று மச்சானே சொல்லிவிட்டான். அன்புக்கரசி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஆடி மாசம் முழுக்க ஹாலு சும்மாதான இருக்கப்போவுது. எனக்கு அந்த ஒரு மாசம் குடுங்க. ஒம்போது மிஷினும் ஓடலன்னா நானே கீழ எறக்கி வெச்சிட்டுப் போறேன்."

பாண்டுரங்கன் காதைச் சொறிந்துகொண்டார். "ஆடி முடியற வரைக்கும்தாம்மா. அப்புறம் என் ஊட்டுக்காரி கிட்ட நான் பேச முடியாது."

அன்புக்கரசி செய்ய நினைத்தது இதுதான். மற்றவர்கள் செய்துவைத்த லினக்ஸ் இந்த மெஷின்களுக்கு இல்லையென்றால், அதன் மூல நிரல்களை இறக்கி, இந்த மெஷினுக்கென்றே தானே கட்டிவிடுவது. கடையில் மாவு பாக்கெட் வாங்குவதற்கும், அரிசி உளுந்தை ஊறவைத்து வீட்டில் ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆட்டத் தெரிந்தால் நம் பாத்திரத்துக்கு ஏற்ற மாதிரி ஆட்டிக்கொள்ளலாம். எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டி ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பொழுதுபோகாமல் அதைப் பார்த்து மடிக்கணினியில் ஒருமுறை கட்டிப் பார்த்திருக்கிறாள். பி.எஸ்சி கணக்கு படித்தவள். புரியாத ஆங்கிலத்தை அகராதி வைத்துப் பிரித்துப் படிக்கும் பொறுமை அவளுக்கு உண்டு.

ஒன்பதில் கொஞ்சம் திடமானதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஜன்னலோரம் வைத்தாள். அதை ஒரு பழைய சிடியிலிருந்து உயிர்ப்பித்து, அதற்குள்ளேயே கட்டும் வேலையை ஆரம்பித்தாள். பக்கத்து மேஜையில் மடிக்கணினி. வழிகாட்டியைப் படிப்பது, கோப்புகளைத் திருத்துவது எல்லாம் மடிக்கணினியில். திருத்தியதை மூட்டையாகக் கட்டி, பென் டிரைவில் ஏற்றி, பழைய மெஷினில் இறக்கி, கட்டச் சொல்வாள். இரண்டு மேஜைக்கும் நடுவே இரண்டு எட்டு தூரம்.

அந்த மெஷினுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. ராத்திரி அணைத்தால் காலையில் தேதியும் மறந்துபோகும், மணியும் மறந்துபோகும். தினமும் காலையில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து மணியை அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

முதல் பத்து நாளில் வந்த பிழைகளுக்கு அளவில்லை. ஒரு கருவி இல்லாமல் நின்றது, டிஸ்க் நிரம்பி நின்றது, நினைவகம் போதாமல் மூச்சு முட்டி நின்றது. ஒரு தடவை அவளே தப்பான கோப்பகத்தில் உட்கார்ந்துகொண்டு அரை நாள் மெஷினைத் திட்டினாள். திரையின் கடைசி வரியில் அழுகை மட்டும்தான் இருக்கும், அழுகைக்குக் காரணம் நாற்பது வரி மேலே இருக்கும் என்பதைக் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினாள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், பலன் இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு அடுத்தது. வழிகாட்டியில் சொன்ன இந்த விதியை அவள் விரதம் மாதிரி கடைப்பிடித்தாள்.

ஆடி பதினொன்றாம் தேதி எல்லாம் கட்டி முடிந்தது. சிடியை வெளியே எடுத்துவிட்டு மெஷினைப் புதிதாக எழுப்பினாள். இருபது முப்பது வரிகள் ஓடின. பிறகு, எனக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது, அதில்தான் இத்தனை நாள் வேலையும் இருக்கிறது. எத்தனை முறை எழுப்பினாலும் அதே இடத்தில் அதே பிடிவாதம்.

லினக்ஸின் கரு என்று ஒன்று உண்டு. மெஷினின் உறுப்புகளோடு பேசுவது அதுதான். அதைக் கட்டும்போது எந்தெந்த உறுப்புகளோடு பேசத் தெரிய வேண்டும் என்று ஒரு நீளமான பட்டியலில் டிக் போட்டுக் கொடுக்க வேண்டும். கோளாறு அந்தப் பட்டியலில்தான் என்பது அன்புக்கரசிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் எது?

மறுநாள் காலை வகுப்பில் பதினாலு பேர். ஐந்து பேர் டைப்ரைட்டரில் தட்ட, மீதிப் பேர் முறை வைத்துக் காத்திருந்தார்கள். அன்புக்கரசி வந்ததும் வராததுமாக ஒரு மாற்றம் செய்து, கட்டி, எழுப்பிப் பார்த்துத் தோற்றிருந்தாள். மகாலட்சுமி பின்னால் வந்து நின்றாள்.

மகாலட்சுமி அனந்தபுரத்துக்காரி. அன்புக்கரசியைவிட ஆறேழு வயது மூத்தவள். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் பத்து வருஷமாக அந்த ஒன்பது மெஷின்களையும் மாதம் ஒருமுறை திறந்து பிரஷ் வைத்துத் தூசி தட்டி மூடுகிறவள் அவள்தான். மடிக்கணினித் திரையில் இருந்த பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

"அன்பு, இந்த மிஷினுக்குள்ள டிஸ்க்குக்குப் போறது பட்டை ஒயரு. ரிப்பன் மாதிரி அகலமா இருக்கும். ஒன் லேப்டாப்ப அன்னைக்கித் தொறந்தப்ப பார்த்தேன், அதுல அந்த ஒயரே இல்ல. நீ லேப்டாப்புல போட்ட மாதிரியேதான இதுலயும் டிக் போட்டிருக்க? பட்டை ஒயருக்குன்னு தனியா எதுனா இருக்குதா பாரு."

இருந்தது. பழைய வகை டிஸ்க்குகளுக்கென்றே ஒரு பகுதி, ஒரு டிக்கும் இல்லாமல் கிடந்தது. அன்புக்கரசி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். உடனே டிக் போட்டாள், மூட்டை கட்டினாள், பென் டிரைவில் கொண்டுபோய் இறக்கினாள், கட்டச் சொன்னாள். ஒன்றரை நிமிடத்தில் கட்டி முடித்தேன் என்றது மெஷின். அவ்வளவு சீக்கிரமாகவா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எழுப்பினாள். தட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட, பதினாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்க்கே தெரியவில்லை என்று அதே இடத்தில் நின்றது.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அன்புக்கரசிக்குக் காது சுட்டது. அந்தச் சூடு எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்காமல் வேறெங்கோ இறங்கியது.

"லட்சுமிக்கா, தூசி தட்டறது வேற, இது வேற. தெரியாததுல வாய வெக்காத. நீ டைப்பிங்க மட்டும் பாரு."

மகாலட்சுமி அங்கிருந்து நகர்ந்தாள். டைப்ரைட்டர் பக்கம் போய் ஒருத்தியின் விரலைச் சரியான எழுத்தின் மேல் எடுத்துவைத்தாள். அன்புக்கரசி பட்டை ஒயர் டிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நோட்டில் அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். அடித்த வரியைத் திரும்ப எடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்றிலிருந்து மகாலட்சுமி அவளோடு வேலைக்குத் தேவையானதைத் தவிர எதுவும் பேசவில்லை. மத்தியானம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவது வழக்கம். அது நின்றது. ஒரு வாரம் கழித்துப் பாண்டுரங்கன்தான் சொன்னார்.

"திண்டிவனத்துல ஒரு ஜவுளிக்கடையில மகாலட்சுமிய வரச்சொல்லியிருக்காங்களாம். ஆவணி பொறந்தா போறேன்னு சொல்லிட்டுப் போச்சு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியும் சார்" என்றாள்.

ஆடி இருபது தாண்டியது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து அலறியது. வீடு வீடாகக் கூழ் ஊற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைமேல் சுற்றுலா வந்தவர்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். அன்புக்கரசி இரண்டு மேஜைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. காலையில் அடுத்தடுத்து செய்யும் மாற்றங்களில் முதல் மாற்றத்துக்குப் பிறகு எதுவும் மெஷினில் துளிகூட வித்தியாசம் காட்டுவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து செய்யும் மாற்றத்துக்கு மட்டும் திரையில் ஏதாவது ஒரு வரியாவது மாறுகிறது. பசியோடு செய்தால் பலிக்காது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு நாள் காலை பத்து மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டும் பார்த்தாள். கணக்கு படித்தவள்தான், என்ன செய்வது. ஆவணி கிட்டே வந்துவிட்டால் யாருக்கும் புத்தி இப்படித்தான் போகும்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டு நாள். மச்சான் கீழே உரக்கடை வாசலில் யாரோ பெயிண்டரோடு பேசிக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். மகாலட்சுமி மட்டும் கடைசி மேஜையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி இன்னொரு மாற்றத்தைக் கட்டச் சொல்லிவிட்டு, மெஷின் திரையில் காட்டிய மணியை நோட்டில் குறித்தாள். அப்போது போன் அடித்தது. இளவழகன்.

"பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கிறேன். வண்டி எடுக்க இன்னும் நேரம் இருக்குது. சோறு எடுத்தாந்து தர்றியா?"

"இப்பதான் ஒண்ணு ஓட உட்டேன். மணி பன்னெண்டு முப்பத்தஞ்சி ஆவுது. இதுக்கு மேல நான் எங்க வந்து..."

"உன் டைமு சொல்றியா, பஸ் டைமு சொல்றியா?"

எப்போதும் கேட்கும் கேள்விதான். அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பட்டியலைத் திருத்தி முடித்ததும் மடிக்கணினியைப் பார்த்து அவள் குறித்த மணி பன்னிரண்டு பதிமூன்று. மெஷினில் கட்டச் சொல்லிக் குறித்தது பன்னிரண்டு முப்பத்தைந்து. நடுவில் இருபத்திரண்டு நிமிடம். இரண்டு எட்டு நடக்க இருபத்திரண்டு நிமிடமா? முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அதே கதை. இரண்டு வாரமாகத் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாளும் கழித்துப் பார்க்கவில்லை.

"அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள். "சோறு?" என்று அவன் கேட்டது காதில் விழவில்லை.

கட்டும் கருவி சோம்பேறி. எதை மறுபடி கட்டவேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அது மணியை வைத்துத்தான் முடிவுசெய்யும். திருத்திய பட்டியல், தான் கடைசியாகக் கட்டியதைவிடப் புதியதாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். பழையதாக இருந்தால் இதைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று திரும்பிக்கூடப் பார்க்காது. மெஷின் ஓடுவது அன்புக்கரசியின் நேரத்தில். பட்டியல் திருத்துவது மடிக்கணினியில், ஊர் நேரத்தில். பத்து மணிக்கு மெஷின் ஒன்றைக் கட்டினால் அதற்குப் பத்து இருபது என்று முத்திரை குத்தும். பத்தே காலுக்கு அவள் திருத்திக்கொண்டு போகும் பட்டியலில் பத்தே கால் என்றுதான் இருக்கும். மெஷினுக்கு அது பழைய சரக்கு. எடுக்காது, பிழையென்றும் சொல்லாது, முடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லும். சாப்பாட்டு இடைவெளி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுவதால் அந்த மாற்றம் மட்டும் உள்ளே போயிருக்கிறது. பசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கேட்டுக்கு வெளியே ஏழு நிமிடத்துக்காக நின்றவள், இருபது நிமிடம் முன்னால் ஓடிப்போய்த் தன் கேட்டைத் தானே சாத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் மெஷினின் மணியை செல்போனைப் பார்த்துச் சரிசெய்தாள், முந்தி ஓடிய நேரத்தில் குத்தியிருந்த முத்திரைகளைத் துடைத்தாள். பிறகு நோட்டை எடுத்து, உண்மையில் மெஷினுக்குள் போகாமலே தோற்றுப்போனதாக அடிக்கப்பட்ட மாற்றங்களை எண்ணினாள். பதினொன்று. அவற்றில் முதலாவது, ஆடி பன்னிரண்டு, பட்டை ஒயர்.

கடைசி மேஜைப் பக்கம் திரும்பாமலே டிக் போட்டாள், கொண்டுபோய் இறக்கினாள், கட்டச் சொன்னாள். இந்த முறை ஒன்றரை நிமிடத்தில் முடியவில்லை. முக்கால் மணி நேரம் உறுமிக்கொண்டே வேலை செய்தது. எழுப்பினாள். வழக்கமாக நிற்கும் வரி வந்தது, போனது. அடுத்தது வந்தது. டிஸ்க்கின் பெயரையும் அளவையும் சொல்லி, மளமளவென்று ஓடி, கடைசியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றது. அவள் அவற்றைக் கொடுத்து உள்ளே போய், தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்தாள். எழுத்து எழுத்தாக வந்தது.

சந்தோஷம் வரத்தான் செய்தது. ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து மகாலட்சுமியின் மேஜைக்குப் போனாள்.

"லட்சுமிக்கா, ஓடிடுச்சி. நீ அன்னைக்கே சொன்ன பட்டை ஒயருதான். என் கடியாரத்தாலதான் அன்னைக்கு எடுக்கல. நான் சொன்னது தப்பு. மனசுல வெச்சிக்காத."

மகாலட்சுமி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கி எத்தினி பேரு இருந்தாங்க?"

"எப்ப?"

"நீ என்னிய அப்பிடிச் சொன்னப்ப."

"பதினாலு பேரு."

"இப்ப எத்தினி பேரு இருக்கிறாங்க?"

அன்புக்கரசி வெறும் பெஞ்சுகளைப் பார்த்தாள். மகாலட்சுமி பேனாவை மூடிவைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சனியும் ஞாயிறும் அன்புக்கரசி ஒரு மெஷினிலிருந்து மீதி எட்டுக்கும் அப்படியே பிரதி எடுத்தாள். எல்லாவற்றிலும் மணியை செல்போன் பார்த்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைத் தொடவில்லை, மேல்சித்தாமூர் பக்கம் போகிற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பஸ் பிடிக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் பாண்டுரங்கன் மேலே வந்தார். ஒன்பது திரையும் வெளிச்சமாக இருந்ததை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "சரிம்மா. மச்சானுக்கு வேற எடம் பாக்கலாம்" என்றார். இறங்கப் போனவர் நின்று, "மகாலட்சுமி போயிட்டா காலையில பேட்ச ஒண்டியா சமாளிச்சிக்குவியா?" என்று கேட்டார். அவள் தலையை எப்படியோ ஆட்டிவைத்தாள்.

திங்கட்கிழமை காலை அந்த சென்டரில் டெஸ்ட். புத்தகத்தைப் பார்த்து அடிக்கும் டெஸ்ட் இல்லை. அன்புக்கரசி நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லுவாள், ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்லுவாள், பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். மகாலட்சுமி பின்னால் நடந்துகொண்டே யார் எங்கே பிசகுகிறார்கள் என்று பார்ப்பாள். பத்து வருஷமாக அதுதான் முறை.

பதினாலு பேரும் வந்திருந்தார்கள். ஒன்பது பேர் உயிர்பெற்ற மெஷின்களில், ஐந்து பேர் டைப்ரைட்டர்களில். ஜவுளிக்கடைக்குப் போவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்ததால் மகாலட்சுமியும் வந்து தன் இடத்தில் நின்றாள். அன்புக்கரசி கையில் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"ரெடியா? எழுதுங்க. இந்த மையத்தில் உள்ள ஒன்பது கணினிகளும் மறுபடி ஓடுவதற்கான வழியை முதலில் கண்டுபிடித்தவர் திருமதி மகாலட்சுமி."

அதையே இன்னொரு முறை சொன்னாள். விசைகள் படபடத்தன. பின்னால் நடந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது.

"அவர் அதை ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி காலையிலேயே சொன்னார். அவர் சொன்னது சரி."

இரண்டாம் முறையும் சொன்னாள். அன்று களுக்கென்று சிரித்த பாரதி அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்தாத, அடி" என்றாள் அன்புக்கரசி.

"தன்னுடைய தவறைக் கவனிக்காத அன்புக்கரசி, உங்கள் எல்லோருக்கும் முன்னால் அவரை இழிவாகப் பேசினாள். தெரியாமல் பேசியவள் அன்புக்கரசிதான். அதற்காக உங்கள் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறாள்."

விதி விதிதான். அதையும் இரண்டு முறை சொன்னாள். கடைசி விசையும் அடங்கியது. பிள்ளைகளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மகாலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு திரையாக, ஒவ்வொரு டைப்ரைட்டராக, கடைசி ஆள் வரைக்கும் நிதானமாகப் படித்தாள். பதினாலு பேர் அடித்ததையும் படித்து முடித்துவிட்டுத்தான் அன்புக்கரசியைப் பார்த்தாள்.

"பாண்டுரங்கன் சாரு கேட்டா நான் எங்கியும் போவலன்னு சொல்லிடு" என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஒருத்திக்கும் ஸ்பீடு பத்தல. எல்லாரும் அழிச்சிடுங்க, டைப்ரைட்டருல இருக்கறவங்க பேப்பர மாத்துங்க. மேடம் இன்னொரு வாட்டி மொதல்ல இருந்து சொல்லுவாங்க."

அன்புக்கரசி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.